தோற்ற ஆட்டத்தைப் பிரித்துப் பார்ப்பவர்கள்

திருப்பூரில் பெரும்பாலான பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை இரவு சம்பளம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எங்கள் ஊர்க் கல்லூரி அணி ஒன்று வாரக் கடைசியில் கோவைக்குப் போய்க் கூடைப்பந்தில் தோற்றுவிட்டு வந்தால், அந்தத் தோல்வியின் விசாரணை ஞாயிறு காலை பேக்கரியில்தான் நடக்கும். நிட்டிங் ஆபரேட்டர் ஒருவர் இருப்பார், ஒரு கட்டிங் மாஸ்டர், ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் முன்னாள் மாணவர்கள் இரண்டு மூன்று பேர், பக்கத்துப் பள்ளியில் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். ஆளுக்கொரு டீ, நடுவில் ஒரு தட்டு தேங்காய் பன். அடுத்த இரண்டு மணி நேரம் அங்கே நடப்பதை நான் ஒரு கலை என்றே மதிக்கிறேன். ஆடுகிறவர்களின் திறமையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பார்க்கத் தெரிந்தவர்களின் திறமையைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை.

கபடிக்கும் வாலிபாலுக்கும் கூடுகிற கூட்டம் கூடைப்பந்துக்கு இந்தப் பக்கம் கூடாது. கூடுகிற சிறிய கூட்டம் விவரமானது. ஜேம்ஸ் நைஸ்மித் 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. மாணவர்களுக்காக உருவாக்கிய ஆட்டம் இது. தமிழ்நாட்டில் இது வேர்விட்டதில் ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே படித்து வந்த ஆசிரியர்கள்தான் சிற்றூர்ப் பள்ளிகளில்கூட இரண்டு கம்பம் நட்டு, பலகை மாட்டி, ரிங் பொருத்தினார்கள். கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பையும் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பையும், பெரியகுளத்தில் கோடைகால அகில இந்தியப் போட்டியும், கரூரில் இன்னொன்றும் பல்லாண்டுகளாக நடந்து வருகின்றன. இந்தியாவின் சிறந்த அணிகளைக் கோர்ட்டின் கோட்டோரத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்த கண்கள் இங்கே நிறைய.

அண்மையில் தோற்ற ஓர் ஆட்டத்தைப் பற்றிய பேச்சைச் சொல்கிறேன். மூன்றாவது குவார்ட்டரின் பாதிவரை எங்கள் பையன்கள்தான் முன்னிலை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடைசி நிமிடத்தில் எட்டாம் நம்பர் பையன், அணியின் பாயின்ட் கார்டு, இரண்டு ஃப்ரீ த்ரோவையும் விட்டுவிட்டான். இளைஞர்கள் அங்கேயே நின்றார்கள். அவன் அந்த இரண்டையும் போட்டிருந்தால் ஜெயித்திருப்போம் என்றார்கள்.

“அந்தப் பையனைச் சொல்லாதீங்க தம்பி,” என்றார் நிட்டிங் ஆபரேட்டர். “ரெண்டு பந்தும் ரிங்கோட முன்விளிம்புல பட்டுத் திரும்புச்சு, பாத்தீங்களா? வலது இடது போகலை. நேராத்தான் போச்சு, எட்டலை. கால் ஓஞ்சு போச்சுங்க அவனுக்கு.”

ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து பலகைக்கு 4.6 மீட்டர். தடுப்பார் கிடையாது, அவசரம் கிடையாது. அங்கே பந்து பக்கவாட்டில் போனால் முழங்கையிலோ மணிக்கட்டிலோ கோளாறு. அது பயிற்சியில் திருத்த வேண்டியது. நேராகப் போய்க் குறைந்து விழுந்தால் உந்திக் கொடுக்க வேண்டிய கால்கள் தீர்ந்துவிட்டன என்று பொருள். கையால் எறிகிற பந்தைக் கால்தான் தூக்குகிறது. இரண்டும் ஸ்கோர் ஷீட்டில் ஒரே மாதிரி ‘மிஸ்’ என்றுதான் பதிவாகும். அவற்றைப் பிரித்தறிய ஒரு கண் வேண்டும். அந்தக் கண் இவருக்கு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வட்ட நிட்டிங் மெஷினில் ஓடி வரும் துணியில் கோளாறு இரண்டு திசையில் வரும். ஒரே கோடாக நீளவாக்கில் மேலிருந்து கீழ்வரை ஓடினால் ஊசியில் பழுது. அந்த ஊசியை மாற்றாதவரை எத்தனை மீட்டர் ஓட்டினாலும் கோடு வந்துகொண்டேதான் இருக்கும். குறுக்கே பட்டையாக விழுந்தால் நூலில் வித்தியாசம், அல்லது நூலின் இழுவிசையில் ஏற்றத்தாழ்வு. கோளாறின் திசையைப் பார்த்தே அதன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடுவார்கள். இவர் ஆட்டத்தையும் அப்படித்தான் படிக்கிறார். நாற்பது நிமிடமும் விடாமல் ஓடுகிற குறை எது, ஒரு பட்டையாக நடுவில் விழுந்த குறை எது என்பதுதான் இவருடைய முதல் கேள்வி. பயிற்சியாளர்கள் பலர் இதைக் கேட்டுக்கொள்வதில்லை. தோற்ற மறுநாள் எல்லாவற்றையும் ஒரே கோபத்தில் திருத்தப் பார்க்கிறார்கள்.

குறுக்குப் பட்டை தெளிவாகவே இருந்தது. மூன்றாவது குவார்ட்டரின் நடுவில் எதிரணி முழுக் கோர்ட்டிலும் நெருக்கிப் பிடிக்கத் தொடங்கியது. எட்டு வினாடிக்குள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோயாக வேண்டும். எட்டாம் நம்பர் பையனைத் தவிர அணியில் யாருக்கும் நெருக்கடியில் ட்ரிபிள் செய்து வெளியே வரத் தெரியவில்லை. முதல் ஐந்தாறு முறை அவனே இழுத்துக்கொண்டு போனான். பிறகு பாஸ் தாமதமானது, கைமாறிப் போனது. அந்தச் சில நிமிடங்களில்தான் ஆட்டம் போனது. ஃப்ரீ த்ரோவில் தீர்ந்துபோயிருந்த கால்கள் அங்கே செலவானவை.

நீளவாக்குக் கோடு ரீபவுண்ட். தொடக்கம் முதல் கடைசிவரை எதிரணிக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்துக்கொண்டே இருந்தது. “நம்ம பசங்களுக்கு ஹைட் இல்லீங்ணா” என்று மெர்ச்சண்டைசர் சொன்னார். தமிழ்நாட்டுக் கல்லூரி அணிகளைப் பற்றிப் பேசும்போது இந்த வாக்கியம் வராமல் இருக்காது. பி.டி. மாஸ்டர் அதை ஏற்கவில்லை.

“ரீபவுண்ட் உசரத்துல இல்லீங்க, இடுப்புல இருக்குது. நாம டூ-த்ரீ ஜோன் ஆடினோம். ஜோன்ல அவனவன் இடத்தைத்தான் காக்கிறான், ஆளைக் காக்கிறதில்லை. பந்து மேலே போனதும் எவனை முதுகுல தடுக்கணும்னு எவனுக்கும் தெரியாது.”

பேச்சு உயர்ந்த இடம் இதுதான். ஜோன் தடுப்பில் முன்னால் இருவர், பின்னால் மூவர் நின்று ரிங்கின் அடிப்பகுதியை அடைத்துவிடுகிறார்கள். உயரமான எதிரணியிடம் உள்ளே பந்து போகவிடாமல் தடுக்கக் குள்ளமான அணிக்கு இது நல்ல கேடயம். ஓடி ஓடி ஆளைத் துரத்த வேண்டியதில்லை என்பதால் மூச்சும் மிஞ்சும். ஆனால் மூலைகள் திறந்து கிடக்கும். அங்கிருந்து எறிந்த பந்து தவறினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போய் விழும். அந்தப் பக்கம் யாரும் யாரையும் மறித்து நிற்பதில்லை. அணி முதல் இரண்டு குவார்ட்டர்களில் முன்னிலை பெற்றது ஜோனால். நாற்பது நிமிடமும் ரீபவுண்ட் இழந்ததும் ஜோனால். பலமும் பலவீனமும் ஒரே விதையில் முளைத்தவை. ஒன்றை மட்டும் பிடுங்கி எறிய முடியாது என்பது புரிந்தவர்தான் தோல்வியைப் பற்றிப் பேசத் தகுதியானவர் என்று நினைக்கிறேன்.

இவர்கள் பேசிக்கொள்கிற முறைக்கு அமெரிக்காவில் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்கள். டீன் ஆலிவர் 2004இல் வெளியிட்ட நூலில் ஒரு கூடைப்பந்து அணியை நான்கு அளவைகளில் எடை போட்டார்: எறிதலின் தரம், பந்தைப் பறிகொடுப்பது, ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. எறிதலுக்கு 40 சதவீத எடை, டர்னோவருக்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோவுக்கு 15. ஆலிவரின் பெயரையே கேட்டிராத பேக்கரிக் கூட்டம் மூன்று அளவைகளைத் தானாகவே தொட்டுவிட்டது. இளைஞர்கள் புலம்பிய ஃப்ரீ த்ரோதான் நான்கிலும் எடை குறைந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

எறிதலைப் பற்றி அதிகம் பேசவில்லை. 2010இல் மூன்று பாயின்ட் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போன பிறகு வெளியிலிருந்து எறிய எங்கள் பையன்கள் தயங்குகிறார்கள் என்று கட்டிங் மாஸ்டர் சொன்னார், அவ்வளவுதான். காற்றடிக்கும் சிமென்ட் கோர்ட்டில் பயின்றவனுக்குத் தூரத்து எறிதலில் நம்பிக்கை வராதது இயல்பு.

குறை தேடுகிற இடத்தில் நிறைவையும் எடுத்துப் பார்க்கிறார்கள். இவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடுவதற்கு அதுதான் காரணம். அந்த ஆட்டத்தில் ஒரு பாயின்ட்கூட எடுக்காத பையன் ஒருவன், போஸ்ட்டில் ஆடுபவன். அவனைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசினார்கள். எட்டாம் நம்பர் பையனுக்காக அவன் வந்து ஸ்கிரீன் போட்ட அழகு அப்படி. கால்களை அகட்டி, கைகளை மார்போடு சேர்த்து, ஓடிவரும் தடுப்பாளனின் பாதையில் ஓர் அடி முன்னதாகவே போய் அசையாமல் நின்றான். அசைந்தால் ஃபவுல். அரை நொடி தாமதித்தால் பயனில்லை. மோதல் முழுவதையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, உடனே திரும்பி ரிங்கை நோக்கி ஓடினான். பார்வையாளர்களின் கண் பந்தோடு போய்விட்டது. இவர்களின் கண் அவனோடு நின்றது. மோதிய இடத்தில் திறந்த வழியில்தான் எட்டாம் நம்பர் உள்ளே போய் லே-அப் போட்டான். கைதட்டல் அவனுக்குப் போனது. பேக்கரியில் புகழ் ஸ்கிரீன் போட்டவனுக்கு.

அவன் அணியில் மிகக் குள்ளமான போஸ்ட். மாலையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. இந்த ஊர்க் கல்லூரிகளில் அப்படிப் பலர் உண்டு. ஆர்டர் நெருக்கடியான வாரங்களில் ஒன்றரை ஷிப்ட் ஓடும்போது பயிற்சிக்கு வர மாட்டார்கள். நாலாவது குவார்ட்டரில் கால்கள் ஓய்வதற்கு அந்தக் காரணமும் உண்டு. இதை விமர்சனத்தில் சேர்க்காமல் விடுவது ஆட்டத்தைப் பாதி பார்ப்பதாகும்.

தோல்வியை இப்படி நிதானமாகப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சாட்சி வர்ஜீனியா பல்கலைக்கழக அணி. 2018 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன்ஷிப்பில் முதல் தரவரிசையில் இறங்கிய அந்த அணி, பதினாறாம் தரவரிசையில் இருந்த யு.எம்.பி.சி. என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் 54–74 என்று தோற்றது. ஆடவர் போட்டியில் அதற்குமுன் அப்படி நடந்ததே இல்லை. பாதி ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 21–21. பயிற்சியாளர் டோனி பென்னட்டின் முறை இறுக்கமான தடுப்பும் மெதுவான ஆட்டமும். அந்த நிதானம்தான் அவர்களை உச்சியில் வைத்திருந்தது. எதிரணி மூன்று பாயின்ட்டுகளாகப் போட்டுத் தள்ளியபோது வேகமாக ஆடித் துரத்தத் தெரியாமல் போனதும் அதே நிதானத்தால்தான். முறையையே தூக்கி எறியச் சொன்னவர்கள் உண்டு. பென்னட் தடுப்பைக் கைவிடவில்லை. தாக்குதலில் மட்டும் புதிய வழிகளைச் சேர்த்தார். 2018 தோல்வியின்போது மணிக்கட்டு முறிந்து வெளியே இருந்த டிஆண்ட்ரே ஹண்டர் திரும்பி வந்தார். 2019 அரையிறுதியில் ஆபர்ன் அணிக்கு எதிராக 0.6 நொடி மிச்சமிருக்கும்போது கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோவையும் போட்டு 63–62 என்று ஜெயிக்க வைத்தார். இறுதி ஆட்டத்தில் டெக்ஸஸ் டெக்கை 85–77 என்று கூடுதல் நேரத்தில் வென்றார்கள். ஹண்டர் மட்டும் 27 பாயின்ட். நீளவாக்குக் கோடு எது, குறுக்குப் பட்டை எது என்று பென்னட் சரியாகப் பிரித்திருந்தார்.

எங்கள் பேக்கரியின் தீர்ப்பும் அந்த வகைதான். ஜோனை விட வேண்டாம் என்றார்கள். பந்து ரிங்கை நோக்கிக் கிளம்பியதும் ஜோனை மறந்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவனை முதுகால் மறிக்கப் பின்வரிசை மூவரையும் தினமும் பத்து நிமிடம் பழக்கினால் போதும் என்பது பி.டி. மாஸ்டரின் கருத்து. எட்டாம் நம்பரைப் பற்றித்தான் சண்டை. அவன் உட்கார்ந்தால் அணி சிதறிவிடும் என்று மெர்ச்சண்டைசர் அஞ்சுகிறார். அவனை உட்கார வைக்காவிட்டால் நாலாவது குவார்ட்டரில் நமக்குப் பாயின்ட் கார்டே இருக்க மாட்டான் என்கிறார் நிட்டிங் ஆபரேட்டர். பெஞ்சில் இருக்கும் முதலாண்டு மாணவன் ஒருவனுக்கு இரண்டு கையிலும் ட்ரிபிள் இருக்கிறது, பயம்தான் போகவில்லை. முன்னிலையில் இருக்கும் இரண்டாவது குவார்ட்டரிலேயே அவனை இறக்கி நான்கு நிமிடம் ஆடவிட வேண்டும், ஐந்தாறு பந்தைப் பறிகொடுத்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஆபரேட்டரின் கட்சி. நானும் அவர் பக்கம்தான். அடுத்த ஆட்டத்தில் பயிற்சியாளர் அந்தப் பையனை எந்தக் குவார்ட்டரில் எழுப்புகிறார் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.