திரை பிடிக்க இருவர்

நாற்பத்து மூன்றாவது வயதில் நான் ஓர் ஆடிஷனுக்குப் போனேன். கல்லூரியில் படித்த காலத்தில் நாடகங்களில் நடித்தவள் நான். திருமணம், முனைவர் பட்ட ஆய்வு, இரண்டு பிரசவங்கள், வேலை என்று அதன்பின் 19 ஆண்டுகள் மேடை ஏறவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து காலை ரயிலில் சென்னைக்குப் போய், சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்பாகவே அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு மேசை, அதற்குப் பின்னால் மூன்று பேர், ஒரு கேமரா. பெயர், வயது, உயரம் சொல்லச் சொன்னார்கள். இடப்பக்கம் திரும்பச் சொன்னார்கள், வலப்பக்கம் திரும்பச் சொன்னார்கள். பிறகு ஒருவர், "இத்தனை வருஷம் ஏன் மேடம் நடிக்கல?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். தினமும் அறுபது மாணவிகள் முன்னால் நின்று பேசுகிற எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மனப்பாடமாக இருந்த வசனத்தின் இரண்டாவது வரி வரவில்லை. "டென்ஷன் ஆகாதீங்க" என்றார்கள். அதற்குப் பிறகு முதல் வரியும் போயிற்று.

திரும்பி வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். என் தைரியம் போதவில்லை, நான் துருப்பிடித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. இப்போது அந்த நினைப்பைத்தான் விசாரிக்க விரும்புகிறேன். இடைவெளிக்குப் பின் நடிக்க வருகிற பெண்ணின் பதற்றத்தை நாம் ஏன் எப்போதும் அவளுக்குள் இருக்கும் குறையாகவே வாசிக்கிறோம்?

பதற்றத்துக்கு நமக்குக் கிடைக்கும் ஆலோசனைகள் எல்லாம் உடலைப் பற்றியவை. மூச்சை ஆழமாக இழு, கண்ணை மூடு, உன்னை நம்பு. இவை பொய்யல்ல. ரஷ்ய நடிகரும் இயக்குநருமான ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, நடிகர் தன் கவனத்தை ஒரு சிறு வட்டத்துக்குள் சுருக்கிக்கொண்டு, பலர் பார்க்கும் இடத்திலேயே தனிமையில் இருக்கப் பழக வேண்டும் என்றார். அது நல்ல பயிற்சி. நானும் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் அச்சம் நடிகருக்குள் பிறக்கிறது, அங்கேயே அதைத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஆலோசனைகளின் அடியில் கிடக்கிறது.

தொல்காப்பியர் அப்படிச் சொல்லவில்லை. பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் அவர், அச்சத்துக்கு நான்கு பிறப்பிடங்களைக் காட்டுகிறார்: அச்சுறுத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. நான்குமே அஞ்சுகிறவருக்கு வெளியே இருப்பவை. உடலில் தெரிவது விளைவு மட்டுமே. ஆடிஷன் அறையின் அச்சம் நான்காவது வகை. மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு என்னை ஏற்கவும் தள்ளவும் அதிகாரம் இருக்கிறது. காரணம் சொல்ல வேண்டிய கடமை இல்லை. என் நாக்கு அந்த ஏற்றத்தாழ்வைச் சரியாகவே படித்துவிட்டது.

அதே தொல்காப்பியம் இன்னோரிடத்தில் அச்சத்தை நாணத்தோடும் மடத்தோடும் சேர்த்துப் பெண்ணுக்குரியதாக வைக்கிறது என்பதையும் வகுப்பில் நான் நடத்துகிறேன். பிற்காலத்தில் அது பயிர்ப்பையும் சேர்த்துக்கொண்டு நாற்குணமாயிற்று. அஞ்சுவது பெண்ணுக்கு அழகு என்று வளர்ப்பார்கள். பிறகு ஒரு அறையில் நிறுத்தி, அஞ்சுகிறாய் என்று மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். இந்த இரட்டைக் கணக்கைப் பார்க்காமல் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

திரும்பி வருதலைப் பற்றி அண்மைக் காலத்தில் வந்த இரண்டு படங்களை இந்தக் கணக்கோடு பார்க்கலாம். ஸ்ரீதேவி 1997-க்குப் பிறகு 15 ஆண்டுகள் கழித்து, கௌரி ஷிண்டேயின் முதல் படமான 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' (2012) மூலம் வந்தார். ஜோதிகா 2006-இல் திருமணம் செய்துகொண்டு, சில காலத்தில் படங்களிலிருந்து விலகி, 2015-இல் '36 வயதினிலே' மூலம் வந்தார். அது ரோஷன் ஆண்ட்ரூஸ் மலையாளத்தில் 2014-இல் எடுத்த 'ஹவ் ஓல்ட் ஆர் யூ'வின் தமிழ் வடிவம். அந்த மலையாளப் படமும் 1999-க்குப் பிறகு நடிக்காதிருந்த மஞ்சு வாரியரின் மறுவருகைதான். இவர்கள் யாரும் ஆடிஷன் அறையில் நிற்கவில்லை. நட்சத்திரங்களுக்கு அது தேவைப்படுவதில்லை. ஜோதிகாவின் படத்தைத் தயாரித்ததே கணவர் சூர்யாவின் நிறுவனம். ஆனால் அவர்கள் நடித்த பாத்திரங்களை இந்தப் படங்கள் தேர்வு அறைகளில் நிறுத்துகின்றன. நட்சத்திரங்களிடம் கேட்கப்படாத கேள்விகளைப் பாத்திரங்களிடம் கேட்கின்றன.

'36 வயதினிலே'யின் வசந்தி வருவாய்த் துறை ஊழியர். அயர்லாந்துக்குப் போக முயலும்போது வயது தடையாகிறது. குடியரசுத் தலைவரைச் சந்திக்கும் வாய்ப்பு வரும்போது அவர் முன்னால் மயங்கி விழுகிறாள். தம்மை ஆளும் இறை என்பதற்கு இதைவிட நேரான காட்சி தமிழ் சினிமாவில் எனக்கு நினைவில்லை. ஊர் சிரிக்கிறது, வீடு அவளைவிட்டு விலகுகிறது. இந்த இடத்தில் படம் எனக்குப் பிடித்த ஒன்றைச் செய்கிறது: வசந்தியை உபதேசத்தால் எழுப்பவில்லை. பழைய தோழி சூசன் வந்து, அவள் ஒரு காலத்தில் எப்படி இருந்தாள் என்று நினைவூட்டுகிறாள். கை அறிந்த வேலையான மொட்டை மாடிக் காய்கறித் தோட்டம் அவளை மீட்கிறது. எனக்குக் குறையாகப் படுவது முடிவுதான். அவளை மயங்க வைத்த அதே அதிகாரத்தின் பாராட்டு கிடைத்தால்தான் மீட்சி முழுமையாகிறது. மேசை அப்படியே இருக்கிறது. இரண்டாம் முறை அவள் அதில் தேறிவிடுகிறாள், அவ்வளவுதான்.

'இங்கிலிஷ் விங்கிலிஷ்' இதில் ஓர் அடி முன்னே போகிறது. நியூயார்க்கில் ஒரு காபி கேட்க முடியாமல், கடைக்காரப் பெண்ணின் எரிச்சலில் நடுங்கி வெளியே ஓடிவரும் சஷி, ஆங்கில வகுப்பின் இறுதித் தேர்வுக்குப் போகவே முடிவதில்லை. திருமணத்துக்குச் செய்த லட்டுகள் கீழே கொட்டிவிட, மறுபடி பிடிக்க உட்கார்ந்துவிடுகிறாள். பிறகு அந்தத் திருமண வீட்டில் அவள் பேசுகிற பேச்சையே ஆசிரியர் தேர்வாக ஏற்கிறார். தேர்வு அவள் நிற்கும் இடத்துக்கு வருகிறது. அந்தக் கூட்டத்தில் ஆசிரியரும் ஒரு விருந்தினர். இடம் மாறியதும் பதற்றத்தின் அளவும் மாறுகிறது.

இடத்தையும் விதிகளையும் தானே வகுத்துக்கொண்டு திரும்பி வந்த ஒருவர் நம் வரலாற்றில் முன்பே இருக்கிறார். 1908-இல் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள், கிட்டப்பா 1933-இல் இறந்தபோது 25 வயதில் வெள்ளைப் புடவைக்கு மாறி, மேடையிலிருந்து ஒதுங்கினார். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு வந்தபோது அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்று ஊரே பேசிய செய்தி. ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதியோடு, நந்தனாராக, ஆண் வேடத்திலேயே நடித்தார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். பிறகு 1940-இல் 'மணிமேகலை', 13 ஆண்டு இடைவெளிக்குப் பின் 1953-இல் 'ஔவையார்', 1964-இல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள். இந்த வரிசையை இரண்டு விதமாக வாசிக்க வேண்டும். ஆண் பக்தன், துறவி, கிழவி என்று இளம் விதவைக்குச் சமூகம் திறந்துவைத்த கதவுகள் எத்தனை குறுகலானவை என்பது ஒரு வாசிப்பு. அந்தக் கதவுக்குள் எந்த விலைக்கு, யாரோடு, எந்த வேடத்தில் நுழைவது என்பதை அவர் தன் கையில் வைத்திருந்தார் என்பது இன்னொன்று. அவர் உள்ளுக்குள் நடுங்கினாரா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. நடுங்கியிருந்தாலும் நிபந்தனைகள் அவரைத் தாங்கியிருக்கும்.

எல்லோருக்கும் சுந்தராம்பாளின் குரல் இல்லை. நிபந்தனை போடும் பலமும் இல்லை. அவர்களுக்கு என்ன வழி என்று யோசித்தபோது விடை எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கிடைத்தது. காஞ்சிபுரத்தைச் சுற்றிய கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தின்போது விடிய விடியக் கூத்து நடக்கும். காலங்காலமாகப் பாஞ்சாலி வேஷமும் ஆண்களே கட்டியது. பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் முன்னின்று 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கமும், புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் தொடங்கிய அதன் குருகுலமும் பெண் பிள்ளைகளுக்கும் கூத்தைக் கற்றுக்கொடுத்தன. பெண்கள் கட்டை கட்டி ஆடியதை அங்கேதான் நான் முதலில் பார்த்தேன்.

கூத்தில் ஒரு வேஷம் நேராகச் சபைக்கு வந்துவிடுவதில்லை. இருவர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்கிறார்கள். வேஷக்காரர் அதன் பின்னால் நின்று திரை விருத்தம் பாடுகிறார். முதலில் குரல் மட்டும், பிறகு கிரீடத்தின் உச்சி, சலங்கைக் கால். கட்டியக்காரன் வெளியே நின்று வருவது யார் என்று கேட்கிறான். பதில் திரைக்குப் பின்னாலிருந்து வருகிறது. உடல் சூடேறி, குரல் திறந்து, தான் யார் என்று சொல்லி முடித்த பிறகே திரை விலகுகிறது. ஆடிஷன் அறையிலும் "நீ யார்?" என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் அங்கே வயதும் உயரமும் பக்கவாட்டுத் தோற்றமும் முதலில், குரல் கடைசியில். ராஜா வேஷம் கட்டி நூறு முறை ஆடியவருக்கும் கூத்து திரை பிடிக்கிறது. யாருக்கும் தயக்கம் வரும் என்பதை அந்தக் கலை அவமானமாக நினைக்கவில்லை. தன் அமைப்புக்குள்ளேயே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

ஏழு மாதம் கழித்து இன்னோர் ஆடிஷனுக்குப் போனேன். இம்முறை வசனத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கினேன். தோழி ஒருத்தியை உடன் வரச் சொன்னேன். ஒரு வாரம் அவள் எதிரில் உட்கார்ந்து மற்றப் பாத்திரங்களின் வசனத்தைப் படித்தாள்; அன்று வாசலில் என் கைப்பையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே போனதும், "ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டு ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். முதல் வரியைச் சுவரைப் பார்த்துச் சொன்னேன், இரண்டாவது வரியில் திரும்பினேன். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. இத்தனை வருஷம் ஏன் நடிக்கவில்லை என்ற கேள்வி இங்கும் வந்தது. எங்கள் ஊரில் உடலும் முந்தியும் வேறு வேறு நிறமாக உள்ள பட்டுக்குப் பழைய பாவின் இழையோடு புதிய பாவின் இழையை ஒவ்வொன்றாகக் கோப்பார்கள். பிட்னி என்று அதற்குப் பெயர். கோத்த இடம் புடவையில் தெரியும். யாரும் அதை மறைப்பதில்லை. நான் அதையெல்லாம் சொல்லவில்லை. "பிள்ளைங்களை வளர்த்தேன், படிச்சேன், பாடம் நடத்தினேன்" என்று மட்டும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல் சொல்ல முடிந்தது. அந்த வேடம் எனக்குக் கிடைக்கவில்லை. வசனத்தை முழுதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரி நாடகத்துக்கு ஆண்டுதோறும் ஆள் தேர்வு செய்வது நான்தான். மேசைக்குப் பின்னால் இத்தனை காலம் நானே உட்கார்ந்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், குழந்தை பிறந்து படிப்பை விட்டுவிட்டு மறுபடி முதுகலையில் சேர்ந்த ஒரு மாணவி நடுங்கிக்கொண்டே வசனம் சொன்னாள். "டென்ஷன் ஆகாதம்மா" என்றேன். அவள் பெயரை அடித்துவிட்டேன். எனக்கு நேர்ந்ததை நான் முன்பே ஒருத்திக்குச் செய்திருக்கிறேன்.

இப்போது தேர்வு அறையிலிருந்து மேசையை எடுத்துவிட்டேன். வசனத்தை மூன்று நாள் முன்னதாகக் கொடுக்கிறேன். வருகிறவர்களை இருவர் இருவராக அழைக்கிறேன். ஒருத்தி சொல்லும்போது மற்றவள் பதில் வசனம் படிக்கிறாள். முதல் தடவை கணக்கில் இல்லை, இரண்டாவது தடவையைத்தான் பார்க்கிறேன். இவற்றுக்குப் பணம் தேவைப்படவில்லை. சென்ற ஆண்டு, முதல் தடவை ஒரு சொல்லும் வராமல் நின்ற ஒரு பெண் இரண்டாவது தடவையில் காந்தாரியாகப் பேசியபோது, எதிரில் படித்துக்கொண்டிருந்தவள் தன் வரியை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வர நினைக்கிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: நடுக்கம் நின்ற பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். திரை பிடிக்க இரண்டு பேரைத் தேடுங்கள். மேசைக்குப் பின்னால் இருக்கிற பெண்களுக்கு: எழுந்து வந்து ஒரு முனையைப் பிடியுங்கள்.