சந்தா கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

அடுத்தவர் பொருளை இணையத்தில் பரிந்துரைத்து, அது விற்றால் கமிஷன் வாங்குவது அஃபிலியேட் தொழில். இதில் புதிதாகக் கால்வைப்பவரிடம் முதலில் விற்கப்படுவது ஒரு மாதச் சந்தா. எந்தப் பொருளைப் பரிந்துரைப்பது, அதை யார் வாங்குவார்கள் என்பதெல்லாம் முடிவாவதற்குள், லேண்டிங் பேஜ் (லிங்கை அழுத்தியவர் வந்து இறங்கும் தனிப் பக்கம்) செய்ய எந்த டூல் நல்லது என்ற கேள்வி வந்து நின்றுவிடுகிறது. பதிலாகக் கிளிக்ஃபன்னல்ஸ், லீட்பேஜஸ், அன்பவுன்ஸ், இன்ஸ்டாபேஜ் என்று பெயர்கள் வரிசையாக வரும். இவை பயனற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்கெனவே ஆட்கள் வந்துகொண்டிருக்கும் பக்கத்தில் விற்பனையைக் கூட்டுவதற்காக உருவான டூல்கள் இவை. ஆளே வராத பக்கத்தை வைத்திருப்பவரிடம் இவற்றை விற்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

அன்பவுன்ஸ் 2009இல் கனடாவின் வான்கூவரில் தொடங்கியது. அதற்கு முன்பு, ஒரு விளம்பரத்துக்குத் தனிப் பக்கம் வேண்டுமென்றால் நிறுவனத்தின் மார்க்கெட்டிங் ஆள் புரோகிராமருக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் தானே இழுத்து வைத்துப் பக்கம் கட்டலாம் என்பதுதான் அன்பவுன்ஸ் தந்த விடுதலை. 2012இல் லீட்பேஜஸ் வந்தது. 2014இல் வந்த கிளிக்ஃபன்னல்ஸ் பக்கத்தோடு நிற்காமல், பதிவுப் படிவம், விற்பனைப் பக்கம், பணம் கட்டும் பக்கம், நன்றிப் பக்கம் என்று ஒரு சங்கிலியையே விற்றது. மூன்றுமே உண்மையான தேவையிலிருந்து பிறந்தவை. ஆனால் அந்தத் தேவை, விளம்பரத்துக்கு ஏற்கெனவே பணம் செலவழித்துக்கொண்டிருந்த நிறுவனங்களின் தேவை.

அஃபிலியேட்டுக்குத் தனிப் பக்கம் எதற்கு? யூடியூப் வீடியோவின் கீழே கடையின் லிங்கை நேரடியாகப் போட்டால் போதாதா? பல நேரங்களில் போதும். ஆனால் அமேசானின் அசோசியேட்ஸ் திட்டத்தில், லிங்கை அழுத்தியவர் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் கார்ட்டில் போட்டால்தான் கமிஷன். யோசித்து அடுத்த வாரம் வாங்குகிறவரை நீங்கள் இழந்துவிடுகிறீர்கள். நடுவில் உங்களுடைய பக்கம் ஒன்று இருந்தால், அவரிடம் பொருளை விளக்கலாம், அவர் சம்மதத்தோடு தொடர்பு விவரத்தை வாங்கிக்கொள்ளலாம். கடை கமிஷனைக் குறைத்தாலும் அந்தத் தொடர்பு உங்களிடம் இருக்கும். 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் அறைகலன்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக வெட்டியது. தொடர்புப் பட்டியல் வைத்திருந்தவர்களுக்கு வேறு கடைக்குத் திரும்ப ஒரு வழி இருந்தது. கூகுளும், கடைக்காரரின் வாசகத்தை அப்படியே நகலெடுத்து லிங்க் மட்டும் வைத்த பக்கங்களைத் தன் தேடலில் ஸ்பாம் என்றே வகைப்படுத்துகிறது. ஆக, சொந்தச் சொற்களால் நிரம்பிய ஒரு நடுப்பக்கத்தின் தேவை உண்மையானது. அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதில்தான் சிக்கல்.

ஒரு கணக்குப் போடுவோம். கிளிக்ஃபன்னல்ஸின் அடிப்படைச் சந்தா பல ஆண்டுகள் மாதம் 97 டாலராக இருந்தது. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8,245 ரூபாய். இந்தியாவில் ஜிஎஸ்டி பதிவு இல்லாத தனிநபருக்கு விற்கும் வெளிநாட்டு நிறுவனம் 18 சதவீத வரியையும் சேர்த்து வாங்க வேண்டும். கிட்டத்தட்ட 9,700 ரூபாய் ஆகிறது. கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. இப்போது 2,000 ரூபாய் மிக்சி ஒன்றைப் பரிந்துரைத்து, 5 சதவீதம் கமிஷனாக 100 ரூபாய் கிடைக்கிறது என்று வைப்போம். மாதம் 97 மிக்சி விற்றால் சந்தாப் பணம் வந்துவிடும் என்றுதான் பெரும்பாலோர் கணக்கிடுவார்கள்.

கணக்கு அங்கேதான் பிசகுகிறது. இலவசப் பக்கத்தை வைத்திருந்தாலும் அந்த மிக்சிகளில் பெரும்பகுதி விற்றிருக்கும். சந்தாவின் பலன் என்று சொல்லத்தக்கது, அந்த டூல் இல்லாவிட்டால் நடந்திராத கூடுதல் விற்பனை மட்டுமே. தாராள மனத்தோடு, கட்டணப் பக்கம் விற்பனையை 20 சதவீதம் கூட்டுகிறது என்று ஏற்றுக்கொள்வோம். 97 மிக்சிகள் கூடுதலாக விற்க வேண்டுமானால் ஏற்கெனவே மாதம் 485 விற்றுக்கொண்டிருக்க வேண்டும். அதாவது மாதம் 48,500 ரூபாய் கமிஷன் வாங்குகிறவருக்கு இந்தச் சந்தா லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மாதம் 50 விற்கும் புதியவருக்கோ 10 மிக்சி கூடும், 1,000 ரூபாய் வரும், 9,700 போகும்.

இதே கணக்கை ஒரு விற்பனைக்கு 2,000 ரூபாய் கமிஷன் தரும் ஆன்லைன் வகுப்புக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஐந்து கூடுதல் விற்பனை போதும். அதற்கு 25 விற்பனை அடிப்படையாக இருந்தால் போதும். சந்தா கட்டிய பலர் மிக்சியை விட்டுவிட்டு வகுப்புகளையும் மென்பொருள்களையும் பரிந்துரைக்கத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். டூலின் விலை, எதைப் பரிந்துரைப்பது என்பதையே மாற்றிவிடுகிறது. நம்பி வரும் வாசகனுக்கு இதனால் நல்லது நடப்பதில்லை.

கட்டண டூல்கள் முன்னிறுத்தும் பெரிய வசதி ஏ/பி சோதனை: ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களை வருகிறவர்களுக்குப் பாதிப் பாதியாகக் காட்டி, எது அதிகம் விற்கிறது என்று பார்ப்பது. இதே சோதனைக்கு உதவிய தன் இலவச ஆப்டிமைஸ் சேவையைக் கூகுள் 2023 செப்டம்பர் 30இல் மூடிவிட்ட பிறகு, இந்த வசதிக்காகவே சந்தா கட்டலாம் என்ற வாதம் வலுத்தது. வசதி உண்மையிலேயே அருமையானது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், தலைப்பைப் பற்றிய சண்டையைத் தரவு தீர்த்துவைக்கிறது. ஆனால் தரவு வேண்டுமே. நூறு பேர் வந்தால் மூன்று பேர் பதிவு செய்யும் பக்கத்தை 3.6 பேராக உயர்த்திவிட்டோமா என்பதை வழக்கமான புள்ளியியல் அளவுகோல்படி உறுதி செய்ய, ஒவ்வொரு வடிவத்தையும் ஏறத்தாழ 14,000 பேர் பார்த்திருக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 28,000. நாளுக்கு 200 பேர் வரும் பக்கத்துக்கு அது 140 நாள் வேலை. அதற்குள் ஐந்தாவது மாதச் சந்தாவும் கட்டியாகிவிடும். தீபாவளித் தள்ளுபடி வந்து பொருளின் விலையும் மாறியிருக்கும். மூன்றாம் நாளே பச்சை நிறத்தில் ஒரு வடிவம் முந்துவதைப் பார்த்து முடிவெடுப்பவர், பெரும்பாலும் தற்செயலைத்தான் வெற்றி என்று எண்ணிக்கொள்கிறார்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொபைலில் மூன்று நொடிக்கு மேல் திறக்காத பக்கத்தை 53 சதவீத வருகைகள் கைவிடுகின்றன என்று கூகுள் 2016இல் சொன்னது. இழுத்து வைத்துக் கட்டும் பக்கங்களில் தேவையில்லாத ஸ்கிரிப்டுகள் நிறைய ஏறிக்கொள்ளும். சில நிறுவனங்கள் இதைச் சீர்செய்ய உழைத்திருக்கின்றன, சில உழைக்கவில்லை. வாங்கும் முன், அந்த டூலில் கட்டிய யாருடைய பக்கத்தையாவது கூகுளின் இலவச பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் போட்டு, முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் வருகிறதா என்று பார்த்துவிடலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. மதிப்புரைகளில் இதைப் பார்ப்பது அரிது. இந்த டூல்கள் தரும் டெம்ப்ளேட்டுகள், அதாவது ஆயத்தப் பக்க வடிவங்கள், ஆங்கிலத்தின் குட்டைச் சொற்களுக்காக அளந்து தைத்தவை. “இப்போதே பதிவு செய்யுங்கள்” என்று பட்டனில் எழுதினால் மொபைலில் இரண்டு வரியாக உடைந்து, பட்டன் வீங்கிவிடுகிறது. டெம்ப்ளேட்டின் அழகான எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லாவிட்டால், அந்தந்த போனில் இருக்கும் எழுத்துருவுக்குப் பக்கம் தாவிவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வடிவமைப்பு வாசகனின் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. அதைவிடப் பெரிய பொருத்தமின்மை படிவத்தில் இருக்கிறது. இந்த டூல்கள் எல்லாம் மின்னஞ்சலைச் சுற்றிக் கட்டப்பட்டவை. வங்கிச் செய்தியைத் தவிர வேறெதற்கும் மின்னஞ்சலைத் திறக்காத நம் ஊர் வாசகரிடம் கேட்டால் கிடைக்கக்கூடியது வாட்ஸ்அப் எண். அதைச் சரியாக வாங்கி, சம்மதத்தைப் பதிந்து, செய்தி அனுப்பும் ஏற்பாட்டுக்குப் பெரும்பாலும் இன்னொரு சந்தா தேவைப்படும்.

டெம்ப்ளேட்டுகளில் என்னை மிகவும் வருத்துவது அவற்றின் அழகுக் குறைவல்ல. பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி பதினைந்து நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கும் கவுண்ட்டவுன், யாரும் வாங்காதபோதே “சற்று முன் மதுரையிலிருந்து ஒருவர் வாங்கினார்” என்று எட்டிப் பார்க்கும் அறிவிப்பு, வேண்டாம் என்று சொல்ல “எனக்குப் பணம் சேமிக்க விருப்பமில்லை” என்ற பட்டனை அழுத்த வைப்பது. இந்தத் தந்திரங்களுக்கான உறுப்புகள் சந்தையில் சாதாரண வசதிகளாகவே கிடைக்கின்றன. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் அறிவித்த வழிகாட்டு நெறிகள் 13 ஏமாற்று வடிவங்களைப் பட்டியலிட்டன. பொய்யான அவசரமும், மறுப்பவரைக் கூசச் செய்வதும் அதில் இருக்கின்றன. சந்தாப் பொறியும், மென்பொருள் சந்தாக்களில் சத்தமில்லாமல் பணம் எடுப்பதும்கூட அதே பட்டியலில் உள்ளன. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. டெம்ப்ளேட்டில் இருந்தது என்பது விலக்கு ஆகாது. பக்கம் உங்கள் பெயரில் இருக்கிறது, பொய்யும் உங்களுடையதாகிவிடுகிறது. கவுண்ட்டவுன் வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே ஞாயிறு இரவு முடியும் தள்ளுபடிக்கு அது நேர்மையான தகவல்தான்.

இவ்வளவு குறைகள் இருந்தும் மதிப்புரைகள் ஏன் புகழ்ந்து தள்ளுகின்றன? எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த டூலுக்கே அஃபிலியேட். கிளிக்ஃபன்னல்ஸ் ஒரு கட்டத்தில், நீங்கள் சேர்த்துவிட்டவர் சந்தா கட்டும் ஒவ்வொரு மாதமும் 40 சதவீதம் வரை கமிஷன் கொடுத்தது. நூறு பேரைச் சேர்த்துத் தக்கவைத்தால் கனவுக் காரின் மாதத் தவணைக்கு 500 டாலர் தருவதாகவும் அறிவித்திருந்தது. இதில் சட்டமீறல் இல்லை. ஆனால் மிக்சிக்கு 100 ரூபாய் வாங்குவதைவிட டூலுக்கு மாதாமாதம் 3,000 ரூபாய்க்கு மேல் வாங்குவது இனிக்குமல்லவா? அதனால்தான் அஃபிலியேட் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் வீடியோக்களில் டூலின் லிங்க் தவறாமல் இருக்கிறது. இந்தச் சூழலில் நடுநிலை மதிப்பீடு பிழைப்பது கடினம். சொந்த டொமைனும் இலவச வேர்ட்பிரஸும் போதும் என்ற ஆலோசனையைப் பரப்புபவருக்கு அப்படி மாதாமாதம் காசு வருவதில்லை. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட நெறிகள், பணம் பெற்றுப் பரிந்துரைப்பவர் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. வீடியோ விளக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கும் ஒற்றை வரியைத் தெளிவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் யார் வாங்கலாம்? ஒவ்வொரு கிளிக்குக்கும் பணம் கொடுத்து ஆட்களை அழைத்து வருகிறவர் வாங்கலாம். அவருக்கு விற்பனை விகிதத்தில் அரைப் புள்ளி கூடினாலும் விளம்பரச் செலவில் அது தெரியும். சோதனைக்குத் தேவையான எண்ணிக்கையும் அவரிடம் இருக்கும். பல பொருள்களுக்குப் பல பக்கங்களை நடத்தும் சிறு குழு வாங்கலாம். அவர்களுக்கு நேரம்தான் செலவு. மற்றவர்களுக்கு ஆண்டுக்கு 19 டாலர் வாங்கும் கார்ட் (Carrd) போன்ற எளிய சேவையோ, இலவசத் திட்டத்தில் 2,000 தொடர்புகள் வரை அனுமதிக்கும் சிஸ்டம் ஐஓவோ, வேர்ட்பிரஸோடு எலிமென்டர் என்ற பக்கம் கட்டும் பிளகினோ போதும். முதல் மாதங்களின் பணத்தையும் உழைப்பையும் அந்த மிக்சியை நிஜமாகவே அரைத்துப் பார்த்துப் படமெடுத்து எழுதுவதில் போட்டால், எந்த டெம்ப்ளேட்டும் தராத நம்பிக்கை பக்கத்துக்கு வரும்.

வாங்குவதென்று முடிவெடுத்தவரும் வெளியேறும் வழியை முதல் நாளே பார்த்து வைக்க வேண்டும். எலிமென்டரின் கட்டண உரிமம் காலாவதியானால் புதுப்பிப்புகள் நிற்கும், ஆனால் ஏற்கெனவே கட்டிய பக்கம் உங்கள் சர்வரில் இருக்கும். முழுச் சந்தா டூல்களில் பணம் நின்றதும் பக்கமும் மறைந்துவிடும். அவற்றில் பலவற்றில் பக்கத்தை வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. எனவே டூலின் முகவரியில் இல்லாமல் சொந்த டொமைனில் பக்கத்தை வையுங்கள், அப்போதுதான் பழைய லிங்குகளை வேறு பக்கத்துக்குத் திருப்ப முடியும். தொடர்புப் பட்டியலை மாதம் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே வங்கியிடமிருந்து செய்தி வர வேண்டும். அந்தச் செய்தி வரும் நாளில், போன மாதக் கூடுதல் விற்பனை எவ்வளவு என்று பார்த்துவிட்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுங்கள்.