‘ஃபன்னி பாய்’ புதினத்தில் இரு அச்சங்கள்

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) என்னும் ஆங்கிலப் புதினம், 1983 ஜூலைக் கலவரத்தில் வீடிழந்த கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்று கனடாவுக்குப் புறப்படுவதோடு நிறைவுறுகிறது. இதனை இனவொடுக்குமுறையின் ஆவணமாக மட்டும் கொள்வது முழுமையான வாசிப்பாகாது.

கதைசொல்லியான அர்ஜிக்கு அச்சங்கள் இரண்டு. தமிழன் என்பதால் எழும் அச்சத்தைக் குடும்பமே பகிர்ந்துகொள்கிறது. சிங்கள மாணவன் ஷெஹானிடம் கொண்ட காதலால் எழும் அச்சத்தையோ அவன் நாட்குறிப்பிடமே கூற முடிகிறது. முன்னதைத் தருவோர் புறத்தார். பின்னதைத் தருவோருள் பெற்றோரும் அடங்குவர். அன்றைய தண்டனைச் சட்டத்தின் 365அ பிரிவும் அவர்கள் பக்கமே நின்றது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை சுட்டும் ஐந்து காரணங்களுள் இனம் உண்டு, பாலீர்ப்பு இல்லை. ‘குறிப்பிட்ட சமூகக் குழு’ என்பதனுள் அது அடங்கும் எனக் கனடா உச்ச நீதிமன்றம் 1993இல் வார்டு வழக்கில் விளக்கியது. துன்புறுத்தலுக்கு அஞ்சித் தம் இயல்பை மறைத்து வாழ்வோருக்கு அம்மறைப்பையே காட்டிப் புகலிடம் மறுத்தலாகாது எனப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது.

மறைத்து வாழ்தல் பாதுகாப்பன்று என்னும் இவ்வுண்மையைப் புதினம் முன்னரே உணர்த்திவிடுகிறது. எனினும் அர்ஜி கடல்கடப்பது தமிழனாகவே. குடும்பத்தோடு செல்வதால் இரண்டாம் அச்சமும் உடன் செல்கிறது. ஆதலின் இம்முடிவைப் புகலிடம் எனலாம். விடுதலை எனல் பொருந்தாது.