பாட்டும் பட்டாவும்: தெருக்குரல் அறிவின் உரிமைக் கோரல்

தனியிசைக் கலைஞர் ஒருவர் கடந்த ஆண்டைத் திரும்பிப் பார்த்து எழுதும் குறிப்பு இலக்கியத் திறனாய்வின் கவனத்திற்கு அரிதாகவே வருகிறது. வெளியான பாடல்கள், கிடைத்த மேடைகள், இசை நிறுவனத்தின் வழியாக அடுத்து வரவிருப்பவை என்று செல்லும் அவ்வகை எழுத்தை விளம்பரம் என ஒதுக்கிவிடுவது எளிது. சொல்லிசைப் பாடகரிடத்தில் இவ்வொதுக்கம் பொருந்தாது. தன் பெயரையும் ஊரையும் மரபையும் பாட்டுக்குள்ளேயே அறிவிப்பது சொல்லிசையின் இயல்பு. பாட்டுக்கு வெளியே அவர் எழுதும் உரைநடை அவ்வறிவிப்பின் தொடர்ச்சியே. சம்பந்தர் பதிகங்களின் திருக்கடைக்காப்பில் பாடியவர் பெயரும் காழி ஊரும் தவறாது இடம்பெறுவதைத் தமிழாய்வு பனுவலின் உறுப்பாகவே கொள்கிறது. பாடியவர் பெயரைப் பதியும் முறை இன்று ஒப்பந்தத்தாளுக்கும் சமூக ஊடகத்துக்கும் இடம் மாறியிருக்கிறது. அங்கும் அதைப் பனுவலாக வாசிக்கலாம்.

அவ்வாறு வாசிக்கத்தக்க பனுவல்களுள் முதன்மையானது, தெருக்குரல் அறிவு 2022 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளியிட்ட குறிப்பு. அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் வழியாக அறிமுகமானவர். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய அக்குழு, அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்தாக்கத்திலிருந்து தன் பெயரைப் பெற்றது. 2019இல் ஓஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ தொகுப்பை அறிவு வெளியிட்டார். 2021 மார்ச் 7 அன்று மாஜா நிறுவனத்தின் முதல் வெளியீடாக வந்த ‘என்ஜாயி எஞ்சாமி’ அவரை உலகறியச் செய்தது. அறிவும் தீயும் பாடிய அப்பாடலின் தயாரிப்பு சந்தோஷ் நாராயணனுடையது.

சிக்கல் செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையை முன்னிட்டு வெடித்தது. 44ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடைபெற்றபோது, 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் அதன் தொடக்க விழா நிகழ்ந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் பங்கேற்ற போட்டியின் அம்மேடையில் தீயும் கிடக்குழி மாரியம்மாளும் ‘என்ஜாயி எஞ்சாமி’யைப் பாடினர். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்று அறிவு விடுபட்டதும், அதை இரஞ்சித் கண்டித்ததும், பின்னர் அவ்விதழ் அறிவை அட்டையில் கொண்டுவந்ததும் வாசகர் நினைவில் இருந்தன. எனவே குறிப்பு வந்த வேகம் வியப்பளிக்கவில்லை. அதன் உள்ளமைப்பு வியப்பளிப்பது.

அதில் மூன்று ‘நான்’கள் பேசுகின்றன. பாடலை இயற்றி, எழுதி, பாடி, நிகழ்த்தியவன் நான். எவரும் மெட்டோ சொல்லோ தரவில்லை. ஆறு மாத அளவு உறக்கமின்றி உழைத்தேன் என்பது முதல் குரல். இது சிறந்த கூட்டு உழைப்பு என்பதில் ஐயமில்லை என அடுத்து ஒப்புக்கொள்வது இரண்டாம் குரல். ஆயினும் இது வள்ளியம்மாளின் வரலாறு, நிலமற்ற தேயிலைத் தோட்ட மூதாதையரின் வரலாறு என்பது மூன்றாம் குரல். சந்தோஷ் நாராயணன் தம் மறுமொழியில் பாடல் உருவான வரிசையை வேறுவிதமாக விவரித்தார்; வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமமாகப் பகிரப்பட்டவை என்றார். அறிவின் பங்கைத் தாம் ஒருபோதும் குறைத்துக் கூறியதில்லை என்றார் தீ. யார் எந்த மெட்டைத் தந்தார் என்பதைத் தீர்ப்பது திறனாய்வின் வேலையன்று. முதல் குரலுக்கும் மூன்றாம் குரலுக்கும் இடையிலுள்ள இழுபறி திறனாய்வுக்கு உரியது. எவரும் ஒரு சொல்லும் தரவில்லை என்பவர், இச்சொற்கள் பாட்டியுடையவை என்றும் எவ்வாறு கூற இயலும்?

இதை முரண் என்று மட்டும் கண்டு நின்றுவிடும் வாசிப்பு, பாடலின் பொருளாகிய நிலத்தை மறந்துவிடுகிறது. வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தாயகம் திரும்பிய நிலமற்றோருள் ஒருவர் என அறிவு பலமுறை கூறியுள்ளார். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அத்தகைய பல்லாயிரவரை எந்த நிலத்துக்கும் உரியர் ஆக்காமல் கப்பலேற்றியது. ‘எஞ்சாமி’ என்ற விளியும் இரு திசையில் செல்வது. பண்ணையாரை நோக்கிக் கூலியாள் கூறும்போது அது அடிமைச்சொல். பேரப்பிள்ளையைக் கொஞ்சும் பாட்டியின் வாயில் அது செல்லச்சொல். இச்சொல்லின் முன் ‘என்ஜாயி’ என்னும் ஆங்கில வினை வந்து நிற்பதைப் பலரும் விளையாட்டாகவே கொண்டனர். தமிழ்ப் பத்திர நடையில் பழகியவருக்கு அது வேறொன்றையும் நினைவூட்டும். நிலம் கைமாறும் ஆவணம் ஒவ்வொன்றிலும் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ என்னும் வாய்பாடு வருவதுண்டு. ‘அனுபவித்தல்’ அங்கே இன்பம் துய்த்தலைக் குறிப்பதில்லை. உடைமையின் சட்டப் பெயர் அது. நிலம் இல்லாதவளின் வாயில் ‘அனுபவி, என் சாமி’ என்ற வாழ்த்து எழுதப்படாத பத்திரமாகிவிடுகிறது. இவ்வாசிப்பு அறிவின் கருத்தில் இருந்ததா என்பது வேறு; சொற்கள் அதற்கு இடம் தருகின்றன.

செங்கற்பட்டு இவ்விடத்தில் தற்செயலான பின்புலம் அன்று. இரட்டைமலை சீனிவாசன் பிறந்த கோழியாளம் இப்பகுதியில், மதுராந்தகத்தை அடுத்து உள்ளது. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் நிலையைக் குறித்து 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்தே 1892 செப்டம்பர் 30 நாளிட்ட அரசாணை 1010 பிறந்தது. ‘பஞ்சமி நிலம்’ என வழங்கும் ஒப்படை அதன் விளைவு. சென்னை மாகாணத்தில் 12 இலட்சம் ஏக்கர் அவ்வாறு ஒதுக்கப்பட்டதாகப் பரவலாகக் குறிப்பிடுவர். அதன் நிபந்தனைகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. முதல் 10 ஆண்டுகள் நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன்பின் கைமாறினும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குள் மட்டுமே கைமாறலாம். உரியவரே விட்டுக்கொடுக்க முடியாத உரிமை இது. வலியோர் நெருக்கும்போது எளியோரின் கையொப்பம் எத்துணை மலிவானது என்பதை உணர்ந்து எழுதப்பட்ட விதி. விதி இருந்தும் நிலம் போயிற்று. 1994இல் காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தையொட்டிச் செங்கற்பட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். செஸ் ஒலிம்பியாட் ஆட்டங்கள் நடந்த பூஞ்சேரியில், அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில்தான் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு முதலமைச்சர் நேரில் சென்று மனைப்பட்டா வழங்கினார். உலகுக்குக் காட்டப்பட்ட மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலும் குதிரைக்காயும் இருந்தன. இந்தப் பட்டா வரலாறு இல்லை. நிலமற்றவளின் பாடல் மட்டும் விழாவுக்குள் வந்தது, அதை எழுதியவர் இன்றி.

பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். ஒலிப்பதிவிலோ திரைப்படத்திலோ இடம்பெறும் பாடலின் ஆசிரியரும் இசையமைப்பாளரும், சமப் பங்காகப் பெறவேண்டிய உரிமத்தொகையைத் தம் சட்ட வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றிப் பிறருக்கு எழுதிக்கொடுக்கவோ துறக்கவோ இயலாது என்கிறது அது. (திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பது விலக்கு.) 1892இன் ஆணைக்கும் இதற்கும் வாக்கிய அமைப்பிலேயே உறவு தெரிகிறது. இரண்டும் உரிமையை ஒரு வட்டத்துக்குள் கட்டிவைக்கின்றன. இரண்டும் ஏட்டில் வலுவாகவும் வெளியில் மெலிந்தும் காணப்படுகின்றன. பாடல் வெளிவந்து மூன்றாண்டுகள் ஆனபோது, 2024 மார்ச்சில், தமக்கும் பிற கலைஞர்களுக்கும் அதனால் ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். 2022இல் எதிரெதிர் நின்ற குரல்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்த தருணம் அது. உரிமையை யாருக்கிடையே பங்கிடுவது என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, பங்கிடுவதற்கான விளைச்சல் களத்துக்கே வந்திருக்கவில்லை என்பது அக்கூற்றின் பொருள்.

சட்டம் எட்டாத பகுதியும் உண்டு. ஒப்பாரியும் நடவுப்பாட்டும் பாடியவர் பெயர் இன்றி வழங்குபவை. அவற்றுக்கு ஆசிரியர் இல்லை எனச் சட்டம் கருதுவதால், அவற்றை எடுத்தாள்பவர் ஆசிரியராகிவிடுகிறார். நாட்டார் வழக்காற்றியல் தொகுப்புகள் பலவற்றில் தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்க, பாடிய மூதாட்டியின் பெயர் அடிக்குறிப்பிலும் இராது; இத்துறையினர் இதனைத் தயக்கத்துடனாவது ஏற்றாக வேண்டும். அறிவின் குறிப்பு இம்மண்ணில் பத்தாயிரம் நாட்டார் பாடல்கள் இருப்பதைச் சொல்லி, அவை மூதாதையரின் மூச்சையும் வலியையும் தாங்கியவை என்கிறது. எனினும் அன்று மேடையில் பாடிய மாரியம்மாளும் அம்மரபின் வாரிசே. அவரைப் பற்றி இவ்விவாதத்தில் எவரும் நின்று பேசவில்லை. ‘மேடையில் இல்லாதவர் யார்’ என்ற வினா ‘மேடையில் இருந்த நாட்டார் பாடகிக்கு என்ன உரிமை’ என்ற வினாவை மறைத்துவிட்டது. அறிவின் தரப்பிலுள்ள நியாயத்தை இது குறைப்பதில்லை. அந்நியாயம் இன்னும் சற்று அகன்றிருக்கலாம்.

2024இல் வந்த ‘வள்ளியம்மா பேராண்டி’ தொகுப்பை இக்குறிப்பின் விடையாக வாசிக்கலாம். தலைப்பில் அறிவின் பெயர் இல்லை. பாட்டியின் பெயரும் உறவுச்சொல்லும் மட்டுமே உள்ளன. 2022இல் முட்டிக்கொண்ட முதல் குரலும் மூன்றாம் குரலும் இங்கே ஒரே தொடரில் அமைகின்றன. ஆக்கியவன் என்று உரிமை கோராமல், பெற்றுக்கொண்டவன் என்று கோருகிறது அத்தலைப்பு. தனியாசிரியனுக்கும் பெயரற்ற மரபுக்கும் நடுவே ‘பேராண்டி’ என்ற மூன்றாம் நிலையை அது உண்டாக்குகிறது. பத்திர எழுத்தர் ‘பௌத்திர’ என்று எழுதும் இடமும் அதுவே. வள்ளியம்மாளிடம் கொடுப்பதற்கு நிலம் இருந்ததில்லை.