குலுங்காத ஓட்டம்

108 ஆம்புலன்ஸ் என்றாலே வேகம்தான் நினைவுக்கு வரும். எனக்குப் பிடித்தது அந்த ஓட்டத்தின் நிதானம். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் இந்த வண்டிகளின் ஓட்டுநரைப் பைலட் என்கிறார்கள். பின்னால் மருத்துவ உதவியாளர், பல நேரம் பெல்ட் போட வழியில்லாமல், குனிந்து ஊசி ஏற்றிக்கொண்டோ நெஞ்சை அழுத்திக்கொண்டோ இருப்பார். சட்டென்று பிரேக் அடித்தால் அவர் கை தவறும். முதுகெலும்பில் அடிபட்டவருக்கு அந்தக் குலுக்கலே இன்னொரு காயமாகலாம். அதனால் தேர்ந்த பைலட் வேகத்தடையைத் தூரத்திலேயே கண்டு காலைத் தளர்த்தி, தளும்பும் குடத்தோடு நடப்பவரைப்போல் வண்டியை ஏற்றி இறக்குகிறார். "மேடு வருது" என்று பின்பக்கம் ஒரு குரலும் கொடுப்பார்.

சந்திப்பில்தான் திறமை முழுசாகத் தெரியும். சிவப்பு விளக்கைத் தாண்ட விதி இடம் கொடுக்கிறது. ஆனாலும் ஏறக்குறைய நிறுத்தி, சைரன் ஒலியை மாற்றி, இரு பக்கமும் பார்த்தே நகர்வார். கண்ணாடி ஏற்றிய காருக்குள் சைரன் தாமதமாகத்தான் எட்டும். வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என 2019இல் சட்டம் திருத்தப்பட்டது நல்லதுதான். ஆனால் பைலட் அதை நம்பி ஓட்டுவதில்லை. முன்னால் பதறும் பைக் ஓட்டுபவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று கணித்து, அவர் ஒதுங்கி முடிக்கும்வரை இடைவெளி விடுகிறார்.