சதாவதானமும் தேடுபொறியும்

கைபேசியையும் இணையத்தையும் பற்றி நம் சமுதாயத்தில் நிகழும் விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு தடங்களிலேயே ஓடுகின்றன. ஆகுமா ஆகாதா என்பது ஒன்று; பிள்ளைகள் கெட்டுப்போகின்றனர் என்பது மற்றொன்று. இவை தேவையற்றவை என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் நம் முன்னோர் எதனைக் கல்வி என்று போற்றினரோ அதனை இக்கருவி என்ன செய்கிறது என்னும் வினா இவற்றினிடையே காணாமற்போய்விடுகிறது.

ஒரே வேளையில் பேசிக்கொண்டும், செய்தி அனுப்பிக்கொண்டும், காணொளி பார்த்துக்கொண்டும் இருக்கும் இளைஞனைச் 'சதாவதானி' என்று வேடிக்கையாக அழைத்துவிடுகிறோம். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்து, 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரை அறிந்தோர்க்கு இவ்வொப்புமை உவப்பாயிராது. முதுகில் விழும் பூக்களை எண்ணுவதும், இடையிடையே ஒலிக்கும் மணியைக் கணக்கில் கொள்வதும், கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடிப்பதும் அவதானக் கலையின் உறுப்புகள். பல திசைகளிலிருந்து வரும் குறுக்கீடுகளுள் ஒன்றையேனும் நழுவவிடாது, இறுதியில் அனைத்தையும் முறையே திருப்பிச் சொல்லுவதே அதன் வெற்றி. கைபேசி இளைஞனிடம் அவன் சற்றுமுன் பார்த்த மூன்றாவது காணொளி யாது என்று கேட்டுப் பாருங்கள்!

பாவலரைப் பற்றிய நிகழ்ச்சியொன்று வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம்வருகிறது. துருக்கனுக்கு இராமனைத் துணையாக்கும் ஈற்றடியை ஒருவர் கொடுக்க, பாவலர் அச்சொல்லுக்கு முன் ஓரெழுத்தும் ஒற்றும் சேர்த்துச் 'சத்துருக்கன்' ஆக்கி, இராமனின் தம்பியரைப் பாடிய வெண்பாவாக முடித்தார் என்பது அது. மதநல்லிணக்கச் சான்றாகவே இதனைப் பகிர்கின்றனர், அதிலும் தவறில்லை. ஆனால் அதன் உயிர், சொல்லை எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்றறிந்த செவியில் இருக்கிறது. 'துருக்கன்' என்று ஒரு கோப்பில் எழுத்துவழித் தேடினால், 'சத்துருக்கன்' வரும் இடமும் வந்து நிற்கும். பாவலர் வேண்டுமென்றே செய்த சேர்க்கையை இயந்திரம் அறியாமலே செய்துவிடுகிறது. சிரிக்க மட்டும் அதற்குத் தெரியாது.

இது வெறும் வேடிக்கையன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5027 விருத்தங்கள் கொண்டது. ஏடுகளில் கிடந்த அதனைச் செய்கப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் 1842இல் அச்சேற்றினார். பின்னர் பாவலர் அதற்கு உரை கண்டார். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வாயிலாக அதன் மூலம் இன்று எவர் கைக்கும் எட்டுகிறது. பெரும்பேறுதான். ஆனால் 'ஹிஜ்ரத்து' என்று தட்டச்சு செய்பவர்க்குக் 'கிஜ்றத்து' என்று பதிந்த இடம் அகப்படாது. புணர்ச்சியில் முதலெழுத்தோ ஈற்றெழுத்தோ மாறிய சொற்களும் அவ்வாறே ஒளிந்துகொள்ளும். தேடியது கிடைக்கவில்லை என்பதைக் காப்பியத்தில் அச்செய்தியே இல்லை என்று கொண்டு கட்டுரை எழுதத் துணிவோரும் உளர். சந்தி பிரிக்கத் தெரிந்தவரே இக்கருவியை நன்கு ஆளமுடியும். அவரோ கருவியின்றியும் ஓரளவு சமாளிப்பார். இந்த முரண் பலருக்கு விளங்குவதில்லை.

திருக்குர்ஆனை நெஞ்சில் ஏற்றும் ஹாஃபிழ்களை இன்றும் உருவாக்கிவரும் சமுதாயம் நம்முடையது. ஒவ்வொரு ரமளானிலும் தராவீஹ் தொழுகையில் அவர்தம் நினைவாற்றலைக் கண்டு வியக்கிறோம். எழுத்து வடிவில் கோடிக்கணக்கான பிரதிகள் இருந்தும் ஹிஃப்ழ் வேண்டாததாகிவிட்டது என்று எவரும் வாதிடுவதில்லை. தமிழிலக்கியம் என்று வரும்போது மட்டும், 'எல்லாம் நெட்டில் இருக்கிறதே' என்ற ஒரு சொல்லோடு அமைதியடைந்துவிடுகிறோம். பிடிஎஃப் கோப்பொன்றைச் சேமித்துவைப்பதே வாசித்ததற்கு நிகர் என்னும் மயக்கம் ஆலிம்களையும் பேராசிரியர்களையும் ஒருங்கே பிடித்திருக்கிறது.

கருவியைப் பழிப்பதற்காக இதனை எழுதவில்லை. பாவலரும் தம் காலத்துப் புதுக்கருவியாகிய அச்சினைத் தயக்கமின்றிக் கைக்கொண்டவரே. அச்சில் மூலத்தை மட்டும் இட்டு அவர் ஓய்ந்துவிடவில்லை. பொருள் விளங்க உரையும் சேர்த்தார். திரையில் ஏறியுள்ள சீறாவின் ஒவ்வொரு விருத்தத்தின் கீழும் பதம் பிரித்த வடிவத்தையும், அறபுச் சொற்களின் வெவ்வேறு எழுத்துருக்களையும் இணைக்கும் பணி எஞ்சி நிற்கிறது. 2008இல் பாவலருக்கு அஞ்சல்தலை வெளியானபோது மகிழ்ந்தோம். ஒரு கல்லூரித் தமிழ்த்துறையும் ஒரு மதரசாவும் கைகோத்தால் முதற்காண்டமாகிய விலாதத்தையேனும் சில ஆண்டுகளில் முடித்துவிடலாம்.