பெர்ட் சார்ட்டும் போலாரிஸ் கதையும்

ஆபீசில் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் அடிப்படைப் பயிற்சி என்று இரண்டு நாள் உட்கார வைத்தால், முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள் பெர்ட் வந்துவிடும். கூடவே ஒரு கதையும் வரும். அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணையைச் செய்யக் கிளம்பியது, ஆயிரக்கணக்கான ஒப்பந்தக்காரர்கள், யாருக்கும் தலைகால் புரியவில்லை, 1958இல் பெர்ட் கண்டுபிடித்தார்கள், இரண்டு வருஷம் முன்னாடியே வேலை முடிந்தது. ஆகவே நீங்களும் கட்டம் வரையுங்கள்.

இந்தக் கதையை நானே ஏழெட்டு வருஷம் புதுசாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சுவாரசியமான கதை, தூக்கம் கலைக்கும். ஹார்வி சபோல்ஸ்கி 1972இல் எழுதிய போலாரிஸ் வரலாற்றைப் படித்த பிறகுதான் சொல்வதை நிறுத்தினேன்.

சபோல்ஸ்கி பொறியாளர் இல்லை, அரசியல் அறிவியல்காரர். அதனால் அவர் கேட்கிற கேள்வி வேறு. பெர்ட் எப்படி வேலை செய்தது என்று அவர் கேட்கவில்லை, யாருக்காக வேலை செய்தது என்று கேட்கிறார். அட்மிரல் ராபர்ன் தலைமையிலான அலுவலகத்துக்குப் பெரிய ஆபத்து தொழில்நுட்பத்திலிருந்து மட்டும் வரவில்லை. மேலிடத்திலிருந்து எவராவது வந்து மூக்கை நுழைப்பதும் ஆபத்துதான். சுவர் முழுக்க வண்ண வண்ணமாக சார்ட், கம்ப்யூட்டரில் அடித்த அறிக்கை, வாராவாரம் ரிவ்யூ மீட்டிங். பார்க்க வந்தவர்கள் அசந்துபோய்த் திரும்பினார்கள். உள்ளே தொழில்நுட்பப் பிரிவுகளும் ஒப்பந்தக்காரர்களும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. 1960 ஜூலை 20 அன்று கடலுக்கடியிலிருந்து முதல் போலாரிஸ் கிளம்பியதற்கு அவர் சொல்லும் காரணங்கள் வேறு: தாராளமான பணம், முன்னுரிமை, ஸ்புட்னிக்குக்குப் பிறகு இது வேண்டும் என்பதில் இருந்த ஒற்றுமை, ராபர்ன் குழுவின் அரசியல் சாமர்த்தியம். பெர்ட் ஒரு கேடயம். வெளியே இருப்பவர்கள் நம்பினால் போதும்.

இதுவரை அவரோடு சேர்ந்து தலையாட்டினேன். ஆனால் அவர் கேடயத்தை வெளியிலிருந்து பார்க்கிறார். அதன் பின்னால் நிற்கிறவனே அதை உண்மை என்று நம்பிவிட்டால் என்ன ஆகும்? அதற்குப் புத்தகத்தில் போதிய இடம் இல்லை என்பது என் குறை.

கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு வேலைக்கு மூன்று எண் கேட்பார்கள்: எல்லாம் நல்லபடியாகப் போனால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, சொதப்பினால் எத்தனை. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, 6ஆல் வகுக்க வேண்டும். 4, 6, 14 என்றால் 7 நாள். அந்த நான்கும் ஆறும் எங்கிருந்து வந்தன? வேலைகளை அளந்து பார்த்து வந்தவை இல்லை. பெர்ட்டின் மூலக் கட்டுரையை எழுதிய நால்வரில் ஒருவரான சார்லஸ் கிளார்க், வேலைகள் பிடிக்கும் நேரம் எப்படிப் பரவுகிறது என்பது பற்றித் தன்னிடம் தகவல் ஏதும் இல்லை என்று 1962இல் அவரே எழுதிவிட்டார். கணக்குப் போட வசதியாக ஒரு வளைவை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இந்த நேர்மை எந்தப் பயிற்சி ஸ்லைடிலும் ஏறவில்லை.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. மூன்று மாட்யூல் தனித்தனியாக நடந்து, கடைசியில் இன்டெக்ரேஷனில் ஒன்று சேர வேண்டும். ஒவ்வொன்றும் சொன்ன தேதிக்குள் முடிய பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வையுங்கள். மூன்றும் சேர்ந்து அந்தத் தேதிக்குள் முடியும் வாய்ப்பு எட்டில் ஒன்று. பெர்ட் ஒரே ஒரு நீளமான பாதையை மட்டும் பார்த்து, பாதிக்குப் பாதி என்றே சொல்லும். அதாவது சார்ட் எப்போதும் கொஞ்சம் நம்பிக்கைப் பக்கமே சாயும். 1960களிலேயே ஆய்வுக் கட்டுரைகளில் வந்துவிட்ட விஷயம் இது. நாம்தான் இன்னும் ரிலீஸுக்கு ரிலீஸ் ஆச்சரியப்படுகிறோம்.

(ஸ்லைடில் பெர்ட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் கிரிட்டிக்கல் பாத் முறை, ஏறக்குறைய அதே சமயத்தில் டூபான்ட் ரசாயனக் கம்பெனியில் தனியாக வளர்ந்தது. ஆலை கட்டுவது, பராமரிப்புக்காக நிறுத்தி ஓட்டுவது எல்லாம் அவர்கள் பலமுறை செய்த வேலை. எத்தனை நாள் என்று தெரியும், ஒரே எண் போதும். நம் வேலை எந்தப் பக்கம் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.)

மேலே சொன்ன 4, 6, 14 சும்மா எழுதியது இல்லை. எங்கள் டீமில் இரண்டு வருஷ அனுபவமுள்ள ஒரு பையன் கொடுத்த எண்கள். பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை. "14 எதுக்குப்பா?"ன்னு கேட்டேன். "பழைய டேட்டா எப்படி இருக்குன்னு இன்னும் யாரும் திறந்தே பார்க்கலையே சார்"னு சொன்னான். ரிவ்யூவில் 14ஐப் பார்த்தால் கேள்வி வருமே என்று நானே அதை 9 ஆக்கினேன். கணக்கு 6 நாள் என்று வந்தது. மீட்டிங்கில் எல்லாருக்கும் திருப்தி. கேடயம் அழகாக வேலை செய்தது.

வேலை 13 நாள் இழுத்தது. பழைய டேட்டாவில் ஒரே வாடிக்கையாளருக்கு மூன்று எண்கள் இருந்தன. அவன் பயந்தது அதைத்தான்.

அந்த வருஷ அப்ரைசலில் அவனுக்கு "எஸ்டிமேஷன் திறன் மேம்பட வேண்டும்" என்று ஒரு வரி ஏறியது. அதை எழுதியது நான் இல்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. எழுதியவர் பார்த்தது சார்ட்டை, சார்ட்டில் 9 என்றுதான் இருந்தது.

இப்போது நான் எடுக்கும் வகுப்பில் மூன்று எண்ணையும் அப்படியே வாங்கி வைக்கிறோம். வகுப்பது அப்புறம். மூன்றாவது எண் பக்கத்தில் அது ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்கிறேன், அதை மாற்றுகிறவர் பெயரும் அங்கேயே போட வேண்டும். இதுவரை இரண்டு பேர்தான் மாற்றியிருக்கிறார்கள். ஒருவர் எண்ணைக் கூட்டினார்.